திண்மத் துணிக்கைப் பால்மங்களும் கழியொலியும்: ஓர் ஆய்வு வரலாறு

1. முன்னுரை

ஒன்றோடொன்று கலவாத இரு திரவங்களுள் ஒன்று மற்றையதனுள் நுண்டுளிகளாகப் பரந்து நிற்கும் தொகுதியை இரசாயனவியலார் பால்மம் என்றும் குழம்பு என்றும் வழங்குவர். குழம்பு என்னும் சொல் அடுக்களையில் வேறு பொருள் தருதலின் இக்கட்டுரையில் பால்மம் என்பதையே நாம் ஆள்கின்றோம். பசுப்பாலும் தேங்காய்ப்பாலும் யாவரும் அறிந்த பால்மங்களாகும். நீரையும் எண்ணெயையும் ஒரு போத்தலில் இட்டுக் குலுக்கினால் அவை கணநேரம் கலந்தனபோலத் தோன்றிப் பின்னர் பிரிந்துவிடுகின்றன. அவ்வாறு பிரியாது நிற்க வேண்டுமாயின் மூன்றாவது பொருளொன்று துளிகளின் மேற்பரப்பில் அமர்ந்து அவற்றைக் காத்தல் வேண்டும். பாலில் புரதம் இக்காவலைச் செய்கின்றது. பிறவற்றில் சவர்க்காரமும் அதனையொத்த பொருள்களும் செய்கின்றன. ஆயின், இவை எவையுமின்றி வெறும் திண்மத் துகள்களே இக்காவலைச் செய்யவல்லன என்பது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறியப்பட்டது.

மனிதச் செவி கேட்கவல்ல மீடிறனின் மேலெல்லை ஏறத்தாழ 20,000 ஹேர்ட்ஸ் ஆகும். அதனைக் கடந்த ஒலி கழியொலி எனப்படும். திண்மத் துணிக்கைகளாற் காக்கப்படும் பால்மங்களைக் கழியொலி கொண்டு ஆராயும் முறை இன்று உணவு, மருந்து, எண்ணெய், பூச்சுப் பொருள் ஆகிய துறைகளிற் பயன்தரக்கூடியதாக வளர்ந்துள்ளது. இம்முறை எவ்வாறு தோன்றிற்று என்பதை வரலாற்று முறையில் ஆராய்வதே எமது நோக்கமாகும். பழத்தோட்டமொன்றிலே பிறந்த இரசாயன அறிவும், நீர்மூழ்கிக் கப்பலைத் தேடுவதற்காகப் பிறந்த பௌதிக அறிவும் ஒன்றையொன்று அறியாது நெடுங்காலம் வளர்ந்தன. கழியொலி முதலிற் பால்மத்தை ஆக்குங் கருவியாகவே வந்தது; பின்னரே அதன் உள்நிலையைக் கூறும் சாட்சியாயிற்று. அச்சாட்சியின் சொல்லை எவ்வளவுக்கு நம்பலாம் என்பது கருவியை விடக் கொள்கையையே பொறுத்து நின்றது என்பதும், இன்றும் அவ்வாறே நிற்கின்றது என்பதும் இக்கட்டுரையில் நாம் நிறுவ முயலும் கருத்தாகும்.

2. றாம்ஸ்டனும் பிக்கறிங்கும்

இத்துறையின் முதற் சான்று 1903ஆம் ஆண்டுக்கு உரியது. ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய வால்ற்றர் றாம்ஸ்டன் (1868-1947), கரைசல்களினதும் தொங்கல்களினதும் மேற்பரப்புப் படைகளிலே திண்மப் பொருள் சேர்வது பற்றி இலண்டன் றோயல் கழகத்தின் நடவடிக்கைகளில் ஒரு கட்டுரை வெளியிட்டார். புரதக் கரைசல்களின் மேற்பரப்பில் உருவாகும் மென்படலங்கள், குமிழிகள், பால்மங்கள் ஆகியவற்றை அவர் ஒருங்கே நோக்கினார். திரவத்தின் எல்லையில் திண்மப் பொருள் தானாகவே சென்று சேர்வதும், சேர்ந்த பொருள் குமிழியையும் துளியையும் நெடுநேரம் நிலைக்கச் செய்வதும் ஒரே நிகழ்ச்சியின் வேறுபட்ட தோற்றங்கள் என்பது அவர் நோக்காக இருந்தது. அக்கட்டுரை ஒரு முன்னோட்ட அறிக்கை என்னும் குறிப்புடனேயே வெளிவந்தது.

நான்கு ஆண்டுகளின் பின்னர், 1907இல், பேர்சிவல் ஸ்பென்சர் அம்பிறவில் பிக்கறிங் (1858-1920) என்பார் இங்கிலாந்தின் இரசாயனக் கழகச் சஞ்சிகையிலே 'பால்மங்கள்' என்னும் ஒரே சொல்லைத் தலைப்பாகக் கொண்ட விரிவான கட்டுரையை வெளியிட்டார். பிக்கறிங் ஆய்வுகூட இரசாயனவியலாராகத் தொடங்கித் தோட்ட ஆராய்ச்சியாளராக மாறியவர். பெட்போட் கோமகனின் ஆதரவுடன் 1894இல் வோபேர்ண் என்னுமிடத்திலே தொடங்கப்பட்ட பழத்தோட்டப் பரிசோதனை நிலையத்தை அவர் நடத்தி வந்தார். மரங்களைத் தாக்கும் பூச்சிகளை அழிப்பதற்குப் பரபின் எண்ணெயைச் சவர்க்கார நீருடன் கலந்து தெளிக்கும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. பங்கசு நோய்களுக்கோ, செப்புச் சல்பேற்றையும் சுண்ணாம்பையும் சேர்த்த போர்தோக் கலவை பயன்பட்டது. பிரான்சிலே மில்லாடே என்பார் 1885இல் இதனை அறிவித்திருந்தார். இத்தகைய தெளிப்புக் கலவைகளை ஆராய்கையில், செப்புச் சல்பேற்றும் சுண்ணாம்பும் தாக்கமுற்று வீழ்படியும் நுண்டுகள் சவர்க்காரத்தின் துணையின்றியே எண்ணெயைப் பால்மமாக்கி நிறுத்துவதைப் பிக்கறிங் கண்டார். நீரால் நன்கு நனைக்கப்படும் நுண்டுகள்கள் எண்ணெய்த் துளிகளைச் சூழ்ந்து அமர்வதே இதற்குக் காரணம் என்பதையும் அவர் உணர்ந்தார்.

இன்று இவ்வகைப் பால்மங்கள் உலகெங்கும் பிக்கறிங் பால்மங்கள் என்றே பெயர் பெற்றுள்ளன. முற்பட்டவர் றாம்ஸ்டன் என்பதிற் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆயின் றாம்ஸ்டனின் கட்டுரையிலே பால்மம் பல பொருள்களுள் ஒன்று. பிக்கறிங்கின் கட்டுரையிலோ அதுவே முழுப்பொருள். ஒரு துறையிலே பெயர் நிலைப்பது முதலிற் கண்டவருக்கு அன்றி, அத்துறையினர் தேடிப் படிக்கும் இடத்தில் எழுதியவருக்கே பெரும்பாலும் உரியதாகின்றது என்பதற்கு இது நல்ல சான்றெனலாம். அண்மைக் காலத்தில் சில ஆய்வாளர் இருவர் பெயரையும் இணைத்து வழங்குவது வரலாற்று நேர்மையின்பாற்பட்டதாகும்.

3. துகள் காவலாகும் முறை

துகள் ஏன் எல்லையில் நிற்கின்றது என்னும் வினாவுக்கு விடை படிப்படியாகவே கிடைத்தது. 1923இல் அமெரிக்காவிலே பிங்கிள், டிறேப்பர், ஹில்டபிறாண்ட் ஆகிய மூவரும், துகளை எத்திரவம் மிகுதியாக நனைக்கின்றதோ அத்திரவமே வெளித்திரவமாக அமையும் என விளக்கினர். நீரால் மிகுதியாக நனைக்கப்படும் துகள் நீரினுள் எண்ணெய்த் துளிகளையும், எண்ணெயால் மிகுதியாக நனைக்கப்படும் துகள் எண்ணெயினுள் நீர்த்துளிகளையும் தரும். 1954இல் ஷுல்மன், லேயா ஆகிய இருவரும் பேரியஞ் சல்பேற்றுத் துகள்களைக் கொண்டு, நீரும் எண்ணெயும் திண்மமும் சந்திக்கும் தொடுகைக்கோணத்தை மாற்றுவதன் மூலம் பால்மத்தின் வகையை மாற்றலாம் எனக் காட்டினர்.

இக்காவலின் வலிமையை ஒரு கணிப்பினால் உணரலாம். கோளவடிவத் துகளொன்றை எல்லையிலிருந்து பிரித்தெடுப்பதற்கு வேண்டிய சக்தி, துகளின் ஆரையின் வருக்கத்துக்கும் இரு திரவங்களுக்கிடையிலான இடைமுக இழுவைக்கும் விகிதசமமாகும். அதனோடு தொடுகைக்கோணத்தையும் பொறுத்ததாகும். ஆரை 10 நனோமீற்றராகவும், இடைமுக இழுவை மீற்றருக்கு 0.05 நியூற்றனாகவும், தொடுகைக்கோணம் 90 பாகையாகவும் இருப்பின், அச்சக்தி 25 பாகை செல்சியசில் மூலக்கூறுகளின் வெப்ப இயக்கச் சக்தி அலகினைப் போல ஏறத்தாழ 3,800 மடங்காகின்றது. கோணம் 30 பாகையாயின் அது ஏறத்தாழ 70 மடங்காகக் குறைகின்றது. சவர்க்கார மூலக்கூறுகள் துளியின் மேற்பரப்புக்கு வருவதும் போவதுமாக இருக்க, தகுந்த கோணமுடைய துகள் வந்தமர்ந்த பின்னர் தானாக நீங்குவதில்லை. ஆகவேதான் இப்பால்மங்கள் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நிலைக்கக்கூடியனவாகின்றன. மாஜரீனில் நீர்த்துளிகளைக் கொழுப்புப் பளிங்குகள் சூழ்ந்து காப்பதும் இம்முறையிலேயே. மசகெண்ணெயோடு வெளிவரும் நீர் எளிதிற் பிரியாது தொல்லை தருவதற்கும் அதிலுள்ள நுண்களித் துகள்கள் ஒரு காரணமாகின்றன. ஓரிடத்தில் நிலைக்க வேண்டுமென்றும் மற்றோரிடத்தில் உடைய வேண்டுமென்றும் நாம் விரும்பும் பொருள் இது. இரு நோக்கங்களுக்கும் அதன் உள்நிலையை அறிதல் இன்றியமையாதது.

4. கட்புலனின் எல்லை

உள்நிலையை அறிவதிலேயே இடர் தோன்றிற்று. பால்மம் வெண்மையாகத் தோன்றுவதற்குக் காரணம் அதன் துளிகள் ஒளியைப் பலமுறை சிதறச் செய்வதாகும். செறிந்த பால்மத்தினுள் ஒளி நேராகச் செல்ல இயலாமையால் நுணுக்குக்காட்டி மேற்பரப்பை அடுத்த மென்படையை மட்டுமே காட்டும். ஒளிச்சிதறல் முறையால் துளிகளின் பருமனை அளப்பதற்குப் பால்மத்தைப் பன்மடங்கு நீர்சேர்த்து ஐதாக்க வேண்டும். ஐதாக்கிய பால்மம் முன்னைய பால்மந்தானா என்பது வினாவாகும். தளர்வாகக் கூடிநின்ற துளிக்கூட்டங்கள் நீர் சேர்த்தவுடன் கலைந்துவிடக் கூடும். தொழிற்சாலைக் குழாயில் ஓடும் பால்மத்தை ஓடும்போதே அறியவும் ஒளி உதவவில்லை.

ஒலிக்கு இத்தடை இல்லை. 1 மெகாஹேர்ட்ஸ் மீடிறனுடைய கழியொலியின் அலைநீளம் நீரில் ஏறத்தாழ 1.5 மில்லிமீற்றர், 100 மெகாஹேர்ட்சிலும் அது ஏறத்தாழ 15 மைக்குறோமீற்றர் ஆகும். பால்மத் துளிகள் பொதுவாக இதனிலும் சிறியன. ஆதலால் ஒளி புகாத பால்மத்தினுள்ளும் ஒலி புகுந்து மறுபுறம் வெளிவருகின்றது. வரும்போது தான் கடந்த பொருளின் தன்மைக்கேற்ப வேகமும் வலுவும் மாறி வருகின்றது. இவ்வாய்ப்பு மனிதர்க்குக் கிட்டிய வரலாறு பால்மத்தோடு தொடர்பற்ற ஓரிடத்திலே தொடங்குகின்றது.

5. ஆக்குங் கருவியாக வந்த கழியொலி

1880இல் பிரான்சிலே ஜாக் கியூரி, பியர் கியூரி ஆகிய உடன்பிறந்தார், குவாட்சு முதலிய சில பளிங்குகளை அமுக்கும்போது அவற்றின் முகங்களில் மின்னேற்றம் தோன்றுவதைக் கண்டனர். மின்னழுத்தத்தைப் பிரயோகித்தால் பளிங்கு விரிந்து சுருங்கும் என்பது பின்னர் அறியப்பட்டது. 1912இல் டைற்றானிக் கப்பல் பனிமலையில் மோதி மூழ்கிற்று. 1914இல் முதலாம் உலகப்போர் தொடங்கி நீர்மூழ்கிக் கப்பல்கள் அச்சந் தந்தன. கண்ணுக்குப் புலப்படாததை நீரினுள் ஒலிகொண்டு தேடும் தேவை இவ்வாறு எழுந்தது. பியர் கியூரியின் மாணவராயிருந்த போல் லாஞ்செவின் 1917இல் குவாட்சுப் பளிங்கைக் கொண்டு நீரினுள் வலிமை மிக்க கழியொலியைச் செலுத்தினார். கற்றையின் பாதையில் அகப்பட்ட மீன்கள் இறந்தமையும் அப்பரிசோதனைகளின்போது நோக்கப்பட்டது.

அப்பரிசோதனைகளைத் தூலோன் துறைமுகத்திலே பார்த்தவர்களுள் ஒருவர் அமெரிக்கப் பௌதிகவியலார் றொபேட் வில்லியம்ஸ் வூட். போருக்குப் பின்னர் அவர் அல்பிரட் லூமிஸ் என்னும் செல்வருடன் சேர்ந்து, நியூயோர்க் மாநிலத்தின் டக்சிடோ பார்க்கில் இருந்த லூமிசின் தனியார் ஆய்வுகூடத்தில் இப்பொருளை ஆராய்ந்தார். 1927இல் இருவரும் வெளியிட்ட கட்டுரை, உயர் மீடிறனும் மிகுவலுவுமுடைய ஒலியின் பௌதிக விளைவுகளையும் உயிரியல் விளைவுகளையும் விரித்துரைத்தது. எண்ணெயும் நீரும் சந்திக்கும் எல்லையில் இவ்வொலியைச் செலுத்த அவை பால்மமாயின என்பது அவர்கள் கண்டவற்றுள் ஒன்று.

பால்மத்தின் வரலாற்றிற் கழியொலி முதன்முதலாகத் தோன்றுமிடம் இதுவே எனக் கருதலாம். அங்கே அது வலிந்து கலக்கும் கருவியாகவே நிற்கின்றது. அதே ஒலியை வலுக்குறைத்துச் செலுத்தினால் அது பொருளை மாற்றாது பொருளின் செய்தியை மட்டும் கொண்டுவரும் என்பது பின்னரே பயன்கொள்ளப்பட்டது.

6. வேகம் கூறிய செய்தி

ஒலியின் வேகம் ஊடகத்தின் அடர்த்தியையும் அமுக்கப்படுதன்மையையும் பொறுத்தது என்பது 1687இல் நியூற்றன் வகுத்து, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லாப்பிளாஸ் திருத்திய உண்மையாகும். கலவைக்கு இதனைப் பொருத்தியவர் அல்பேட் போமன்ற் வூட் என்னும் ஆங்கிலேயர். மேலே கூறிய அமெரிக்க வூட் வேறு, இவர் வேறு. பெயரொற்றுமையால் இருவரையும் ஒருவராகக் கொள்வது தவறு. கடற்படைக்காக நீரடி ஒலியை ஆராய்ந்த இவர் 1930இல் வெளியிட்ட ஒலியியற் பாடநூலிலே, கலவையின் அடர்த்தியையும் அமுக்கப்படுதன்மையையும் கூறுகளின் கனவளவு விகிதப்படி சராசரியாக எடுத்து, அவற்றிலிருந்து ஒலிவேகத்தைக் கணிக்கும் எளிய விதியைத் தந்தார்.

விதி இருந்தும் நுண்மையான அளவீட்டுக்குரிய கருவி இன்னும் முதிரவில்லை. 1925இல் பியேர்ஸ் என்பார் பளிங்கைக் கொண்டு அமைத்த தலையீட்டுமானி வேகத்தை அளக்க உதவிற்று. இரண்டாம் உலகப்போரில் றேடாருக்காக வளர்ந்த துடிப்பு நுட்பத்தைப் பெலம், கால்ற் ஆகிய இருவரும் 1946இல் திரவங்களின் வேகத்தையும் நலிவையும் அளக்கப் பயன்படுத்தினர். அடுத்த ஆண்டிலே றொபேட் யூறிக் நுண்ணிதாகப் பிரிக்கப்பட்ட பொருள்களின் அமுக்கப்படுதன்மையை ஒலிவேகத்திலிருந்து பெறும் முறையை வெளியிட்டார். நீரடி ஒலியியலாளரான அவர் கையாண்டது வூட் தந்த விதியையே. எனவே இவ்விதி இன்று பெரும்பாலும் யூறிக் சமன்பாடு என வழங்குகின்றது. றாம்ஸ்டனுக்கும் பிக்கறிங்குக்கும் நேர்ந்தது இங்கும் ஓரளவு நேர்ந்தது எனலாம்.

இவ்விதியின் பயனும் குறையும் எண்ணெய்-நீர்ப் பால்மத்திலே தெளிவாகின்றன. 25 பாகை செல்சியசில் நீரில் ஒலிவேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 1,497 மீற்றர். வெப்பநிலை ஒரு பாகை உயர இது ஏறத்தாழ 2.7 மீற்றர் கூடுகின்றது. தாவர எண்ணெயிலோ ஏறத்தாழ 3 மீற்றர் குறைகின்றது. குளிர்ந்த நிலையில் எண்ணெயில் வேகம் கூடுதலாகவும், வெப்பநிலை உயரும்போது நீரில் வேகம் கூடுதலாகவும் இருத்தலின், இடையே இரண்டும் சமமாகும் வெப்பநிலையொன்று உண்டு. அவ்வெப்பநிலையில் எண்ணெயின் அளவு எதுவாயினும் வேகம் ஏறத்தாழ மாறாமையால் அளவீடு ஒன்றையும் உணர்த்தாது. வெப்பநிலையைப் பாகையின் நூறிலொரு பங்குவரை கட்டுப்படுத்தாத பரிசோதனையை இத்துறையினர் நம்பத் தயங்குவதன் காரணமும் இதுவே. வளிக்குமிழியின் தொல்லை இதனிலும் பெரிது. குமிழியின் பரிவு மீடிறனிலும் தாழ்ந்த மீடிறனில், ஆயிரத்தில் ஒரு பங்கு கனவளவு வளி நீரிற் கலந்தாலே ஒலிவேகம் செக்கனுக்கு 400 மீற்றரிலும் குறைந்துவிடும் என்பது வூடின் விதியினாற் பெறப்படும். திண்மத் துகள்கள் எண்ணெய்த் துளியைப் போலவே வளிக்குமிழியையும் சூழ்ந்து காப்பதால், பிக்கறிங் பால்மத்திலே இத்தொல்லை இரட்டிப்பாகின்றது. குமிழியையும் துளியையும் ஒருங்கே நோக்கிய றாம்ஸ்டனின் பார்வை எவ்வளவு பொருத்தமானது என்பதைப் பரிசோதனையாளர் இவ்விடத்தில் உணர்வர்.

7. நலிவு கூறிய செய்தி

வூடின் விதியிலே துளியின் பருமனுக்கு இடமில்லை. பெருந்துளியாயினும் சிறுதுளியாயினும் எண்ணெயின் மொத்த அளவு ஒன்றாயின் வேகமும் ஒன்றே என்பது அதன் முடிபு. பருமனை அறிய வேண்டுமாயின் ஒலி செல்லும் வழியில் எவ்வாறு நலிகின்றது என்பதை ஆராய வேண்டும். 1910இல் செவெல் என்பார் பாகுநிலையுள்ள வளியில் நிற்கும் சிறு தடைகளால் ஒலி நலிவதைக் கணித்தார். அவர் தடைகளை அசையாதனவாகக் கொண்டார். மூடுபனியின் துளிகளுக்கு அக்கருதுகோள் ஓரளவு பொருந்தினும் பால்மத் துளிகளுக்குப் பொருந்தாது; அவை ஒலியுடன் தாமும் அசைவன. இக்குறையை நீக்கிப் போல் எப்ஸ்டைன் 1941இல் தொங்கல்களிலும் பால்மங்களிலும் ஒலி உறிஞ்சப்படுவது பற்றி எழுதினார். சோவியத் நாட்டிலே இசாக்கோவிச் 1948இல் பால்மங்களில் வெப்பப் பரிமாற்றத்தால் நிகழும் நலிவைத் தனியே ஆராய்ந்தார். 1953இல் எப்ஸ்டைன், காஹாட் ஆகிய இருவரும் பாகுநிலை விளைவையும் வெப்ப விளைவையும் ஒன்றாக இணைத்தனர். 1972இல் அலெக்றா, ஹோலி ஆகியோர் அதனைத் திண்மத் துணிக்கைகளுக்கும் விரித்துப் பரிசோதனையாலும் சரிபார்த்தனர். இந்நால்வரின் பெயரால் வழங்கும் கொள்கையே இன்றுவரை இத்துறையின் அடித்தளமாகும்.

அதன் சாரத்தை நாம் பின்வருமாறு கூறலாம். ஒலியலை ஒரு துளியைக் கடக்கும்போது இரு நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன. முதலாவது, துளி அமுக்கப்பட்டுச் சற்றே வெப்பமடைந்து, பின் விரிந்து குளிர்கின்றது. எண்ணெயும் நீரும் வெப்பமடையும் அளவு வேறுபடுதலின் இரண்டுக்குமிடையே வெப்பம் பாய்ந்து சக்தி வீணாகின்றது. இரண்டாவது, துளியின் அடர்த்தி சூழலின் அடர்த்தியினின்றும் வேறுபட்டால் அது சூழலோடு ஒத்து அசையாது பின்தங்கியோ முந்தியோ செல்லும். அப்போது பாகுநிலை உராய்வால் சக்தி வீணாகின்றது. எண்ணெயின் அடர்த்தி நீரினதை அண்மித்திருத்தலின் எண்ணெய்த் துளியில் வெப்ப விளைவே ஓங்குகின்றது. நீரைப்போல இருமடங்குக்கு மேற்பட்ட அடர்த்தியுடைய சிலிக்காத் துகளில் உராய்வு விளைவே ஓங்குகின்றது. நீரிலே 1 மெகாஹேர்ட்சில் உராய்வு விளைவு துளியின் எல்லையிலிருந்து ஏறத்தாழ 0.56 மைக்குறோமீற்றர் தூரமும், வெப்ப விளைவு ஏறத்தாழ 0.21 மைக்குறோமீற்றர் தூரமும் பரவும். மீடிறன் உயர இத்தூரங்கள் குறைகின்றன. ஆகவே பல மீடிறன்களில் நலிவை அளந்தால், எந்த மீடிறனில் இத்தூரங்கள் துளியின் பருமனோடு ஒப்பாகின்றன என்பதிலிருந்து பருமனை உய்த்தறியலாம்.

உய்த்தறிதல் என்னும் சொல்லை நாம் வேண்டுமென்றே ஆள்கின்றோம். கருவி அளப்பது வேகத்தையும் நலிவையுமே. துளியின் பருமன் கொள்கையின் வழியாகக் கணிக்கப்படுவது. கொள்கை பிழையாயின் அளவீடு எவ்வளவு நுண்மையானதாயினும் முடிபு பிழையாகும்.

8. ஆய்வுகூடத்திலிருந்து உணவுத் துறைக்கு

1980களிலே இலத்திரனியலும் கணினியும் வளர்ந்தமையால் இக்கொள்கை நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்தின் நொறிச் நகரிலே ஹோ, மக்கி, றொபின்ஸ் ஆகியோர் 1986இல், பால்மம் நிரம்பிய நிலைக்குத்துக் குழாயின் பல உயரங்களில் ஒலிவேகத்தை அளந்து, எண்ணெய்த் துளிகள் மேலெழுந்து ஆடைபடிவதைப் பின்தொடரும் முறையை வெளியிட்டனர். மேலும் கீழும் ஒரே வெண்மையாகத் தோன்றும் குழாயினுள் எண்ணெயின் பரம்பல் மாறிவருவதைக் கண் உணருமுன்னர் ஒலி உணர்த்திற்று. லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் மக்கிளெமென்ற்ஸ், போவி ஆகிய இருவரும் 1987இலும் 1988இலும் வெளியிட்ட கட்டுரைகள் பால்மங்களையும் உணவுப் பொருள்களையும் ஆராயும் கருவியாகக் கழியொலியை நிலைநிறுத்தின. துளிகள் கூட்டமாகச் சேரும்போது அவற்றைச் சூழ்ந்த வெப்ப மண்டலங்கள் ஒன்றோடொன்று மேற்படிவதால் நலிவு மாறுகின்றது என்பது பின்னர் உணரப்பட்டது. 1999இல் மக்கிளெமென்ற்சும் உடனாய்வாளரும் இம்மேற்படிவைக் கொள்கையினுட் சேர்த்தனர். ஐதான பால்மத்துக்கென வகுத்த விதியைச் செறிந்த பால்மத்துக்கு அப்படியே பொருத்தியமையால் நேர்ந்த முரண்பாடு ஒன்று இவ்வாறு தீர்ந்தது. கருவி பொய் கூறவில்லை. அதன் மொழியை நாம் முழுமையாக அறியாதிருந்தோம் என்பதே அதன் பொருள்.

9. இரு வரலாறுகளும் சந்திக்குமிடம்

இக்காலத்தில் பிக்கறிங் பால்மங்கள் மறுமலர்ச்சி பெற்றன. ஒரே பருமனும் விரும்பிய மேற்பரப்புத் தன்மையும் உடைய சிலிக்கா முதலிய நனோத் துகள்கள் கிடைத்தமை இதற்கு வாய்ப்பாயிற்று. ஹல் பல்கலைக்கழகத்தின் பேணாட் பிங்ஸ் 2002இல் வெளியிட்ட மீளாய்வு, துகள்களும் சவர்க்கார வகை மூலக்கூறுகளும் எவ்வகையில் ஒத்தும் வேறுபட்டும் செயற்படுகின்றன என்பதைத் தொகுத்துரைத்துப் பலரை இத்துறைக்கு ஈர்த்தது. அதே ஆண்டிலே கூழ்ப்பொருள்களைக் கழியொலியால் ஆராய்வது பற்றி டுக்கின், கோயற்ஸ் ஆகியோரின் நூலும் வெளிவந்தது. தனித்தனியே நடந்துவந்த இரு வரலாறுகளும் சந்திப்பதற்குரிய காலம் இதுவெனலாம்.

சந்தித்தபோது பழைய கொள்கையின் ஒரு கருதுகோள் கேள்விக்குள்ளாயிற்று. நால்வர் கொள்கையிலே தொகுதிக்கு இரண்டு பொருள்களே உண்டு: துளி, அதனைச் சூழ்ந்த திரவம். துளியின் எல்லை தடிப்பற்ற வெறும் எல்லை. சவர்க்கார மூலக்கூறுகளின் படை ஓரிரு நனோமீற்றரே தடித்ததாகலின் அதனைப் புறக்கணித்தல் பெரும்பாலும் தீங்கற்றது. துகட் கவசத்துக்கு இது பொருந்துமா? 1 மைக்குறோமீற்றர் ஆரையுடைய துளியை 20 நனோமீற்றர் தடித்த படையொன்று சூழ்ந்தால் அப்படையின் கனவளவு துளியினதில் ஏறத்தாழ 6 நூற்றுவீதமாகின்றது. துகள்களுக்கிடையே உள்ள இடைவெளிகளை நீக்கிப் பார்ப்பினும் அது புறக்கணிக்கத்தக்கதன்று. அப்படை எண்ணெயினதைப்போல இருமடங்குக்கு மேற்பட்ட அடர்த்தியும் மிகக் குறைந்த அமுக்கப்படுதன்மையும் உடையது. 10 மைக்குறோமீற்றர் ஆரையுடைய துளியிலோ அதே படை ஏறத்தாழ 0.6 நூற்றுவீதமே. ஆகவே பெருந்துளிகளுக்குப் பழைய கொள்கை போதுமானதாகவும், சிறுதுளிகளுக்குப் போதாததாகவும் அமையலாம்.

இன்னுமொரு நுட்பம் உண்டு. பால்மம் செய்யும்போது சேர்க்கும் துகள்கள் யாவும் துளிகளில் அமர்வதில்லை. ஒரு பகுதி சூழ்திரவத்திலே தனித்து மிதக்கும். தனித்து மிதப்பவை உராய்வால் ஒலியை நலியச் செய்யும். துளியில் அமர்ந்தவை துளியோடு சேர்ந்தே அசையவேண்டியிருத்தலின் அவற்றின் பங்கு வேறுபடும். அதாவது ஒரே அளவு சிலிக்கா அது நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒலிக்கு இருவேறு விதமாகத் தோன்றும். துளிகளின் காவல் எவ்வளவு நிறைவுற்றது என்னும் வினாவுக்கு இது வழிகாட்டக்கூடியது. பிக்கறிங் பால்மத்தை ஆள்வோர் பெரிதும் அறிய விரும்புவதும் இதனையே. ஆயின் வெப்ப விளைவு, உராய்வு விளைவு, கவசத்தின் விளைவு ஆகிய மூன்றும் ஒரே நலிவுக் கோட்டிற் கலந்து வருவதால் அவற்றைப் பிரித்தறிவது எளிதன்று.

இதற்குரிய கணிதமும் படிப்படியாக உருவாயிற்று. கருவும் ஓடும் கொண்ட கோளத்தால் ஒலி சிதறுவதை வெப்ப, பாகுநிலை விளைவுகளுடன் அன்சன், சிவேர்ஸ் ஆகியோர் 1993இல் கணித்திருந்தனர். செறிந்த தொகுதியிலே ஒரு துணிக்கையிற் பட்டுத் தோன்றும் உராய்வலை அயற்றுணிக்கையை அடைந்து மீண்டும் ஒலியாக மாறுவதை 2010களிலே பிரான்சிலும் இங்கிலாந்திலும் ஆய்வாளர் கொள்கையினுட் சேர்த்தனர். அடர்ந்த சிலிக்காத் தொங்கல்களுக்கு இத்திருத்தம் இன்றியமையாதது எனக் காணப்பட்டது. ஓட்டினைச் சீரான படையாகக் கொள்வது வசதியானதொரு கருதுகோளே. உண்மைக் கவசமோ தனித்தனிக் கோளங்கள் அருகருகே அமர்ந்த பரப்பு.

10. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் நாம் பெறுவன சில உள. 1927இற் பால்மத்தை ஆக்கிய ஒலி அதன் சாட்சியாவதற்கு இருபது ஆண்டுகள் சென்றன. அச்சாட்சியின் மொழி முழுமையாக வகுக்கப்படுவதற்கு மேலும் கால் நூற்றாண்டு சென்றது. பிக்கறிங் கண்ட பொருளுக்கு அம்மொழி போதுமா என்னும் வினா எழுவதற்கு அவர் கட்டுரை வெளிவந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்றது. ஒவ்வொரு கட்டத்திலும் தடையாக நின்றது செவிக்குறை அன்று. கேட்டதற்குப் பொருள் கொள்வதற்கு வேண்டிய கொள்கையின் குறையே.

இன்று கருவிகள் பொத்தானை அழுத்தியவுடன் துளியின் பருமனை எண்ணாகத் தருகின்றன. அவ்வெண்ணின் பின்னே துளி வெறுந்துளி என்னும் கருதுகோள் மறைந்து நிற்கலாம். கவசமுள்ள துளிக்கு அதனைப் பொருத்தினும் கணித்த கோடு அளந்த புள்ளிகளோடு அழகாக ஒத்துவரக் கூடும்; ஒத்துவருவதாலேயே பிழை மறைந்துவிடும். ஆகவே இப்பால்மங்களில் ஒலி தரும் முடிபை வேறொரு முறையாற் சரிபார்த்தல் கட்டாயமாகும். அதற்கு வாய்ப்பும் இப்பால்மத்திலேயே உண்டு. துகள்கள் துளியை எளிதில் விட்டு நீங்காமையால், கூட்டங்கள் கலையினும் தனித்துளியும் அதன் கவசமும் ஐதாக்கலைப் பெரும்பாலும் தாங்கி நிற்கின்றன. எனவே ஐதாக்கிய பால்மத்தில் ஒளி காட்டும் பருமனையும், ஐதாக்காத பால்மத்தில் ஒலி உணர்த்தும் பருமனையும் பக்கத்திற் பக்கமாக வைத்து நோக்கலாம். கொள்கையைச் சிக்கலாக்கிய அதே உறுதி, கொள்கையைச் சோதிப்பதற்கும் துணையாகின்றது.

பழமரங்களைக் காக்க முயன்ற ஒருவரும், கடலினடியிற் பகைவரைத் தேடிய ஒருவரும் தத்தம் தேவையால் உந்தப்பட்டுத் தொடங்கிய பணிகள் இவ்வாறு ஓரிடத்தில் வந்து கூடின. அவர்களுள் எவரும் இக்கூட்டத்தை எதிர்பார்த்திருக்க முடியாது. துறைகளைத் தனித்தனி வேலிகளுள் வைத்துக் கற்கும் எமது மாணவர்க்கு இவ்வரலாறு கூறும் செய்தி அதுவேயாகும்.